தீபிகாவுக்கு வரைந்த மீசை

செம்மண்டலத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ உண்டு. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று பிழைப்பு ஓடுகிறது. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் யாரும் கூப்பிடாமலே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முதுநகர் ரயில் நிலையத்தில் தூங்கி எழுகிறவர்கள், பாசிமணி விற்கிறவர்கள், துறைமுகத்துப் பக்கம் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டு திரிகிற ஒரு பெரியவர் எனத் தெருவே வீடாக இருப்பவர்களை எடுப்பேன். ஏன் அவர்களை எடுக்கிறாய் என்று மனைவி கேட்டால் சரியான பதில் சொல்லத் தெரியாது. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் என் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர்கள் சிரிக்க மாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

2009 மார்ச் மாதம் அப்படி ஒரு காலையில்தான் தீபிகாவை எடுத்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் உப்பனாற்றை ஒட்டி, ஷீட் போட்ட நாலைந்து வீடுகளில் அரவாணிகள் இருந்தார்கள். அமராவதியம்மா அவர்களுக்குப் பெரியவர். தீபிகாவுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். நாலைந்து வாரம் அங்கே போய் டீ குடித்துப் பழகிய பிறகுதான் கேமராவை வெளியே எடுத்தேன். முதலில் சினிமாக்காரி மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றாள். அதையும் எடுத்தேன். பிறகு அவள் என்னை மறந்துவிட்டுத் தெருக்குழாய் ஓரத்தில் தலை வாரினாள். வாயில் நாலு ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு, எதிர்வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, கொண்டையை இரண்டு கையாலும் முறுக்கினாள். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற பழைய தழும்பில் வெளிச்சம் விழுந்தது. ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

கேமராவின் பின்பக்கத்தில் அதைக் காட்டியபோது வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன் இல்ல?" என்றாள். உடனே, "அண்ணே, இத பேப்பர்ல கீப்பர்ல போட்டுறாத. காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்க வீடு. அம்மாகிட்ட மட்டுந்தான் போன்ல பேசறேன். அப்பாவுக்குத் தெரியாது. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துனு இருக்காங்க" என்றாள்.

"சத்தியமா போட மாட்டேம்மா" என்றேன். அப்போது அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

ஜூன் மாதம் சென்னையில் ஒரு பத்திரிகை புகைப்படப் போட்டி அறிவித்தது. பன்னிரண்டு வருடமாக ஊரில் உள்ள ஆல்பங்களில் எல்லாம் என் உழைப்பு இருக்கிறது. பெயர் எங்கேயும் இல்லை. ஐந்து படங்கள் கேட்டிருந்தார்கள். நாலை அனுப்பினால் போதாதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஐந்தாவதாக அதை அனுப்பினேன். பரிசு எங்கே வரப்போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'விடியல்' என்று தலைப்பு வேறு கொடுத்திருந்தேன். முதல் பரிசு அதற்குத்தான் வந்தது. ஆகஸ்ட் இதழில் முழுப் பக்கத்துக்குக் கலரில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் முதுநகர் பக்கமே போகவில்லை. பத்திரிகையில் என் பெயரைப் பார்த்தவர்கள் கைகொடுத்தார்கள். நான் வேலை ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு கல்யாண பேனர் விஷயமாகச் சிதம்பரம் போனேன். மேலவீதியில் பழனிவேல் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தான். என்னுடன் ஒன்றாகத் தொழில் கற்றவன். நான் உள்ளே நுழைந்தபோது அப்போதுதான் மிஷினிலிருந்து வந்த ஒரு ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்துப்போட்டிருந்தான். மை வாசனை மூக்கில் ஏறியது.

"பாத்து மச்சான், மிதிச்சிறாத. இன்னும் காயல" என்றான்.

குனிந்து பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே மேகம். நடுவில் கோட்டும் டையும் போட்ட ஒரு இளைஞன். அடர்த்தியான மீசை. கீழே 'ச. வினோத்குமார்' என்று பெரிதாக எழுதி, பிறந்த தேதியும் மறைந்த தேதியும் போட்டிருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதோ ஒரு பையன் அற்பாயுசில் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் கண்களைப் பார்த்தேன். வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். இடது புருவத்தை வெட்டும் தழும்பு.

அப்படியே பேப்பர் ரோல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"யார்ரா இது?"

"காட்டுமன்னார்கோயிலுக்கு அந்தாண்ட ஊரு. சக்கரபாணின்னு ஒருத்தரு, வெவசாயி. அவரு பையன். பாம்பேல ஆக்சிடென்ட்டாம். பாடிய அங்கியே எரிச்சிட்டு வந்துட்டாராம், பாவம்." பழனிவேல் என் முகத்தைக் கவனிக்காமல் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனான். "இந்த வேலையில ஒரு கூத்து மச்சான். பெரியவன் ஆனப்புறம் எடுத்த போட்டோவே இல்லியாம். நாடகத்துல பொம்பள வேஷம் கட்டுனப்ப எடுத்ததுன்னு ஒரு புக்குல வந்த படத்தக் கிழிச்சிட்டு வந்தாரு. கொண்டைய எடுத்து கிராப் வெட்டி, கோட்டு போட்டு, கம்மல அழிச்சி... எல்லாம் சரியாப் போச்சி. வாயில பின்னு கவ்வியிருந்துச்சி. அத எடுத்தா ஒதடு கோணிப்போவுது. அதான் மேல ஒரு மீசையப் போட்டு மூடிட்டேன். தெரியுதா சொல்லு?"

தெரியவில்லை. வேலை சுத்தமாக இருந்தது.

நான் வெளியே வந்து தீபிகாவின் நம்பருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் அடித்தேன். போன் கைநழுவிக் கீழே விழுந்து பேட்டரி தனியாகக் கழன்று ஓடியது. பாம்பேவுக்கு அரவாணிகள் போவதும் வருவதும் எனக்குத் தெரியும். நான் எட்டிப் பார்க்காத இந்த இரண்டு வாரத்தில் அவள் போயிருக்கிறாள், செத்தும் போயிருக்கிறாள். மறைந்த தேதி, பத்திரிகை கடைக்கு வந்த மறுநாள். அது ஏன் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. கல்யாண பேனரை மறந்துவிட்டுக் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். ஒன்றேகால் மணி நேரமும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்ததா என்றுகூட நினைவில்லை.

ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். முதல் வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சந்தோஷம் என்று சொல்ல முடியாது. செத்தவளைப் பார்த்த பயம்தான் முதலில் வந்தது.

"வாண்ணே. புக்குல என்னையப் போட்டுட்டு இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்றாள். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. ஸ்டேஷன் கடைக்காரர் காட்டினாராம். "போன் தண்ணியில வுழுந்துடுச்சி. அம்மாகிட்டகூட மூணு வாரமா பேசல. ஊர்ல பக்கத்து வூட்டு நம்பருக்குக் கடையிலேர்ந்து போட்டா, எடுத்து எடுத்து வெச்சிடறாங்க. ஏன்ணே இப்புடி வேர்க்குது ஒனக்கு?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஃப்ளெக்ஸ், கோட்டு, மீசை, பாம்பே, மறைந்த தேதி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பரிசையும் சொன்னேன். அமராவதியம்மா உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தீபிகா கீரைத்தண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கருமாதி என்னிக்கின்னு போட்டிருந்தது?"

"நாளான்னிக்கு. ஞாயித்துக்கிழம."

"நான் போறேன்."

"போனா அடிச்சே கொன்னுடுவாங்கடி" என்றார் அமராவதியம்மா.

"செத்தவள எப்புடிம்மா கொல்லுவாங்க?" என்றாள் தீபிகா. சிரிக்கவில்லை. கீரையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு போனேன். வர வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கேமராவை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் நீலத்தில் ஒரு சாதாரண நூல்புடவை கட்டியிருந்தாள். பூ வைக்கவில்லை. சிதம்பரத்தில் இறங்கிக் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் ஏறினோம். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஷேர் ஆட்டோ. ஏரிக்கரையோடு போகும்போது, "இங்கதான் சைக்கிள்ளேர்ந்து வுழுந்தேன்" என்று புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

தெருமுனையில் பழனிவேல் அடித்த ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. அவள் அதன் முன்னால் நின்றாள். கோட்டு போட்ட ஆளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நான் சொல்லிக் கேட்டது வேறு, நேரில் பார்ப்பது வேறு போலும். "எங்கப்பா ஜாடை அப்புடியே இருக்கு" என்றாள் மெதுவாக.

வீட்டு முன்னால் பந்தல். சடங்கெல்லாம் முடிந்து பந்தி ஆரம்பித்திருந்தார்கள். இலை போட்டு இரண்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. ஒரு அம்மாள் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தவறவிட்டார். யாரோ "ஐயய்யோ" என்றார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் சோற்றோடு கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடியே இருந்தார்.

மொட்டையடித்த தலையும் ஈர வேட்டியுமாக ஒருவர் உள்ளேயிருந்து வந்தார். சக்கரபாணி. அறுபது வயது இருக்கும். தீபிகாவைப் பார்த்ததும் அவர் பிடிக்க எதையோ தேடிப் பந்தல் காலைப் பிடித்தார். பிறகு கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"போயிடு. மாப்பிள்ள வூட்டுக்காரங்க உள்ள இருக்காங்க. ஒன் கால்ல வுழறேன். போயிடு."

"நான் யாருன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்பா" என்றாள் தீபிகா. "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. சாப்ட்டுப் போயிடறேன்."

வரிசையின் கடைசியில் காலியாக இருந்த ஒரு இலை முன் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோனார். பரிமாறுகிறவர்கள் அந்த இலையைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். உப்புகூட வைக்கவில்லை. அவள் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பந்தலுக்கு வெளியே நின்றேன்.

அப்போது சமையல் நடந்த கொல்லைப்பக்கமிருந்து ஒரு அம்மாள் சோற்று வாளியோடு வந்தார். ஒல்லியான உடம்பு. அழுது வீங்கிய முகம். லோகநாயகி, தீபிகாவின் அம்மா. யார் வந்திருப்பது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வரிசையாகப் பரிமாறிக்கொண்டே வந்தவர், கடைசி இலைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார்.

வாளி கீழே விழப்போகிறது என்று நினைத்தேன். விழவில்லை. அவர் அதை மெல்லத் தரையில் வைத்தார். கரண்டியால் அள்ளாமல் கையாலேயே சோற்றை எடுத்து இலையில் வைத்தார். ஒரு கை. இன்னொரு கை. மூன்றாவது கை. இலை நிறைந்து சோறு மண்ணில் சரிந்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை.

"போதும்மா" என்றாள் தீபிகா.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் அவருக்குள் ஏதோ உடைந்தது. தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "உசிரோட இருக்குற புள்ளைக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்க வெச்சிட்டியேய்யா! பதினாறு நாளா என் வாயக் கட்டிப் போட்டுட்டியே! எம் புள்ள பசியோட வந்து ஒக்காந்துருக்குது, ஒருத்தனுக்காவது கொழம்பு ஊத்தத் தோணுச்சாடா?"

பந்தல் முழுவதும் கேட்டது. உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்டது. வெள்ளைச் சட்டை போட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் தீபிகாவையும், பந்தலில் மாலை போட்டு வைத்திருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். சக்கரபாணி அவர்கள் பின்னால் வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினார். தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டு அங்கேயே குந்திவிட்டார்.

தங்கை வினோதினி வாசற்படியில் வந்து நின்றாள். பத்தொன்பது வயதுப் பெண். அவள் அழவில்லை.

"புக்குல ஒன் போட்டோவப் பாத்துட்டு மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து கேட்டாங்க. அது எங்க பையன் இல்ல, எங்க பையன் பாம்பேல மீச வெச்சிகினு வேலை பாக்குறான்னு அப்பா சொன்னாரு. நேர்ல காட்டுன்னா என்னா பண்ணுவாரு? அதான் பையன் செத்துட்டான்னு சொன்னாரு. என் கல்யாணம் முடியறவரைக்கும் ஒரு பத்து மாசம் செத்தவனா இருந்தா ஒனக்கு என்னா கொறைஞ்சிடும்? நெஜமாவே செத்துருக்கலாம் நீ."

நான் வாழ்க்கையில் பல சாவு வீடுகளுக்குப் போட்டோ எடுக்கப் போயிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. "தப்பு என்மேலதாம்மா. படத்த அனுப்பினது நான்தான்" என்று முன்னால் போய்ச் சொன்னேன். வினோதினி என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் யாரென்றே தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. உள்ளே போய்விட்டாள்.

தீபிகா சாப்பிட்டாள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து குழம்பு ஊற்றினார். அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடிக்கிறவரை பந்தலில் இருந்த யாரும் நகரவில்லை. பிறகு இலையை மடித்து எழுந்து, கை கழுவி, அம்மாவின் தோளைத் தொட்டாள். கிளம்பிவிட்டோம். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். கடலூரில் இறங்கும்போது சொன்னாள்.

"அண்ணே, நீ வா, டீ குடி. ஒன்னைய வராதன்னு சொல்லல. ஆனா கேமராவோட வராத."

பத்திரிகைக்கு எழுதி, பரிசைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வந்தது வந்ததுதான், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. வினோதினியின் அந்தச் சம்பந்தம் முறிந்தது. ஒன்றரை வருடம் கழித்து அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. தீபிகாவுக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை. லோகநாயகி மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதுநகர் வந்து பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாராம். சக்கரபாணி மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், ரேஷன் கார்டில் வினோத்குமார் பெயரை அடித்துவிட்டார் என்றும் அவர் மூலம்தான் தெரிந்தது.

2011 டிசம்பர் முடிகிற நேரத்தில் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. கரண்ட் கிடையாது. செல்போன் டவர்கள் சாய்ந்துவிட்டன. சாலையெல்லாம் மரங்கள். என் ஸ்டுடியோவின் கண்ணாடி முழுவதும் நொறுங்கியிருந்தது. நாலாம் நாள் காலையில் அதைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. நிமிர்ந்தால், சக்கரபாணி. செருப்பில்லாத கால் முழுவதும் சேறு. அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"போட்டோ கடைக்காரரு நீங்கதானே? எம் பொஞ்சாதிதான் எடம் சொன்னா" என்றார். "போன் போவல. நாலு நாளா வூட்டுல அவ சோறு ஆக்கல. சிதம்பரத்துலேர்ந்து ஒரு லாரியில பாதி தூரம் வந்தேன். மீதி நடந்துட்டேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது உசிரோட இருக்குதா?"

எனக்கும் தெரியாது. எல்லா இடத்திலும் வழி அடைத்துக்கிடந்ததால் நானும் இன்னும் போய்ப் பார்த்திருக்கவில்லை. இருவரும் விழுந்துகிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி முதுநகருக்கு நடந்தோம். ரயில் நிலையத்தைத் தாண்டியதும் அவர் நடை தளர்ந்தது. உப்பனாற்றங்கரையில் அந்த நாலைந்து வீடுகளில் ஒன்றுக்கும் கூரை இல்லை. சுவர்கள் மட்டும் நின்றன. அதைப் பார்த்ததும் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகி வலித்தது.

தீபிகா புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, சேற்றில் புதைந்த ஒரு ஷீட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் ஷீட்டை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள். அவளுக்கு வந்தது பயம்தான். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"ஒங்கம்மா பாத்துட்டு வரச் சொன்னா" என்றார் சக்கரபாணி.

அவள் தலையாட்டினாள். அவர் கூரையில்லாத வீட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் இறங்கி, ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் புடி" என்றார்.

எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இரண்டு வீட்டுக்குப் பாதிக் கூரை போட்டார்கள். சாயங்காலம் துறைமுகப் பக்கமிருந்து வந்த ஒரு நிவாரண லாரி சிதம்பரம் போகிறது என்றார்கள். அவர் அதில் ஏறினார். ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டு, ஆணி பத்தாது, நாளைக்கு வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.